மேகத்தின் இரண்டாவது வசனம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஒரு பெரிய மனிதரைப் பாதி வாக்கியத்தில் அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டேன்.

பணி ஓய்வு பாராட்டு விழா டிவிடி. மூன்று மணி நேரம். அதிலிருந்து அவருடைய நன்றியுரையை மட்டும் வெட்டி, கைப்பேசியில் பார்க்கிற மாதிரி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வெட்டினேன். கொடுத்தேன். காலை பத்தரைக்கு அவர் மனைவி நான் வேலை பார்க்கும் வீடியோ கடைக்குள் நுழைந்தார். கைப்பேசியைக் கத்தி மாதிரி நீட்டிப் பிடித்திருந்தார்.

“இதை வெட்டினது யாரு?”

நான் மேசைக்கு அடியில் ஒயர் தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, அவர் கேட்ட பிறகு தேட ஆரம்பித்தேன்.

கடை முதலாளி அக்கா வாங்கிப் பார்த்தாள். அந்தப் பெரிய மனிதர் மாலையும் கழுத்துமாகப் பேசுகிறார்: “இந்த முப்பது வருடத்தில் என் மனைவியைப் பற்றிய ஓர் உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். அவள்—”

அவ்வளவுதான். இருட்டு.

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், விழாவுக்குப் போகலை. அவள்னா? அவள் என்ன? நேத்துலேர்ந்து கேக்கறேன், ஞாபகம் இல்லைங்கறாரு. ஞாபகம் இல்லாம போற விஷயமா இது, நீங்களே சொல்லுங்க!”

தப்பு என்னுடையதுதான். டிவிடிக்குள் படம் ஒரே நீளமாக இருக்காது. நாலைந்து துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு ஜிபி நிறைந்ததும் அறுந்து அடுத்தது தொடங்கும். பேச்சு பாதியா, பாட்டு பாதியா, தும்மல் பாதியா என்று அதற்குக் கவலை கிடையாது. மூட்டை நிறைந்ததா, வாயைக் கட்டு. அதனால் மென்பொருளில் எல்லாத் துண்டையும் வரிசையாகப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நான் அவசரத்தில் இரண்டாவதை மட்டும் போட்டுவிட்டேன்.

“நாளைக்கு வாங்கம்மா, மீதி ‘அவளை’யும் தர்றோம்” என்று அக்கா சமாளித்து அனுப்பினாள். பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள்.

“மியூட்டு, ஒயர் கிடைச்சுதா?”

மியூட் என்பது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, என்ன வேலையும் செய்கிறேன், போன் மட்டும் எடுக்க மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு வைத்த பெயர்.

பிப்ரவரி 4, புதன்

ஒட்டி வெட்டினேன். “அவள்—” என்பதற்கு மூன்றாவது துண்டில் பதில் இருந்தது: “அவள் கொடுத்தனுப்பியதாக நீங்கள் எல்லாரும் புகழ்ந்தீர்களே, அந்த மதியச் சாப்பாடு முப்பது வருடமும் நான் சமைத்தது. அவளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.”

அந்த அம்மா கடையில் நின்றபடியே பார்த்தார். முகம் சிவந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சொல்லியே தொலைச்சிட்டாரா! பாவி மனுஷன்!”

நானும் சிரித்தேன். மேசைக்கு அடியில் இருந்ததால் தலை இடித்தது.

பிப்ரவரி 9, திங்கள்



மதியம் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் மழை சார்.

என் பழைய பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர்! கழுத்தில் அதே விசில். தொப்பை மட்டும் புதிது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரை மழை சார் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். ஏன் அந்தப் பெயர் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கிற ஆளா நான்?

பார்த்ததுமே பிரிண்டர் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வயதாகிறதாம். இருபத்திரண்டு ஆண்டு விழாக்களின் டிவிடி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு சின்னக் காட்சி எடுத்து, எல்லாவற்றையும் கோர்த்து, பதினைந்து நிமிடப் படம் செய்ய வேண்டும். மார்ச் 7 விழாவில் அதே அரங்கத்தில் போடுவார்கள்.

சார் பெட்டியைக் கிண்டி ஒன்றை மட்டும் தனியாக எடுத்தார்.

“இந்த வருஷத்தை மட்டும் விட்டுடுங்கம்மா. கீறல் விழுந்து போச்சு. ஓடாது.”

சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப் பைக்குள் சொருகப் பார்த்தார். உறை பெரிது, நுழையவில்லை.

“இருக்கட்டும் சார்” என்று அக்கா வாங்கிக்கொண்டாள். “இருபத்திரண்டுன்னு எண்ணி வாங்கியிருக்கேன், இருபத்திரண்டாத்தான் திருப்பித் தருவேன்.”

அவர் போன பிறகு உறையைப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய விழா.

அந்த வருடம். அந்த வருடமேதான்.

சார் அலமாரிக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டாரா? எனக்காகத்தான் அதை விடச் சொன்னாரா? எவ்வளவு நல்ல மனசு!

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுதித் தீர்த்துவிடுகிறேன். இதுவரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. ஆண்டு விழாவில் மழை பற்றி ஒரு சின்ன நாடகம். ஒரு பையன் சூரியன். நான் மேகம். சாம்பல் நிறச் சட்டை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். எனக்கு இரண்டே வசனம். முதலாவது: “நான் மேகம். நான் வந்தால் மழை வரும்.” அதற்குப் பிறகு சபையைப் பார்த்து இரண்டாவது: “குடை கொண்டு வந்தீர்களா?”

முதல் வசனம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அரங்கமே சிரித்தது. சும்மா சிரிப்பு இல்லை, நாற்காலிகள் கிறீச்சிடுகிற சிரிப்பு. என்ன தப்பாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டாவது வசனம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஓடிவிட்டேன்.

அப்பா அன்று பஸ் ஓட்டப் போயிருந்தார். அம்மா, தங்கையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தால் மேடையில் நான் இல்லை. “பாப்பா நல்லா பேசினியா?” என்றாள். தலையாட்டினேன். பள்ளியில் இரண்டு வருடம் என்னை மேகம் என்று கூப்பிட்டார்கள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு கேட்கும். பத்தாம் வகுப்பில் வாரம் ஒருநாள் எல்லார் முன்னாலும் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். அந்த வாரம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. நான் பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. எல்லாருக்கும் சொன்ன காரணம் காய்ச்சல். நோட்டுக்கு மட்டும் உண்மை.

அந்த டிவிடி ஓடாது என்பது எவ்வளவு நிம்மதி! சார் வாழ்க.

பிப்ரவரி 12, வியாழன்

தலைமையாசிரியை போன் செய்தாராம். ஒரு வருடம்கூட விடுபடக் கூடாதாம். நிம்மதி போச்சு.

பிப்ரவரி 13, வெள்ளி

பார்த்துவிட்டேன். பாதி.

அக்கா அந்த டிவிடியைக் கணினியில் போட்டாள். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் துண்டு சுகமாக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் டிரைவ் கிர்ர்... கிர்ர்... என்று இரும ஆரம்பித்தது. பதினொரு சதவீதத்தில் நின்றுவிட்டது. “பிழை” என்று ஒரு பெட்டி வந்தது.

அக்கா டிவிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். பளபளக்கிற பக்கத்தில், நடுவாக, நகம் அளவுக்கு ஒரு பெருக்கல் குறி.

“இது தானா விழுந்த கீறல் மாதிரி இல்லையே. யாரோ உக்காந்து போட்டிருக்காங்க.”

அவள் டீ குடிக்கப் போனதும் நான் இறங்கிய இரண்டாவது துண்டைத் திறந்தேன். நடனம், நடனம், பரிசளிப்பு, இன்னொரு நடனம். ஓட்டிக்கொண்டே போனேன். கடைசியில் பஞ்சு மூட்டை மாதிரி ஒன்று வந்து நின்றது.

நான்.

கேமராக்காரர் முகத்துக்கு மட்டும் நெருக்கமாக வைத்திருக்கிறார். காதுக்குப் பின்னால் பஞ்சு. ஒரு முன்பல் இல்லை. கண் நேராகப் பார்க்கிறது. பயமே இல்லை அந்தக் கண்ணில்! “நான் மேகம். நான் வந்தால் மழை வ—”

சிரிப்பு தொடங்குகிறது. துண்டு முடிந்தது.

ஆறு தடவை பார்த்தேன். ஏழாவது தடவை ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தேன். தப்பே இல்லை. உச்சரிப்பு சரி. குரல் கணீரென்று இருக்கிறது. சட்டை அவிழவில்லை, மூக்கு ஒழுகவில்லை. அப்புறம் எதுக்குச் சிரிச்சாங்க? எதுக்கு?

அந்தப் பெரிய மனிதரின் மனைவி ஞாபகம் வந்தார். “அவள்னா? அவள் என்ன?” இன்றைக்கு அது என் கேள்வி. பதில் மூன்றாவது துண்டில் இருக்கிறது. மூன்றாவது துண்டின் மேல் பெருக்கல் குறி.

நேற்று வரைக்கும் இது ஓடக் கூடாது என்று நினைத்தேன். இப்போது ஓடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி 14, சனி

அக்கா சொன்னாள்: “கீறல் வட்டத்தோட சேர்ந்து சுத்தி ஓடியிருந்தா கதை முடிஞ்சுது. குறுக்கே வெட்டியிருந்தா பொழைக்க வாய்ப்பு இருக்கு. போட்டவங்களுக்கு அது தெரியலை போலிருக்கு.”

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவினேன். மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே துடைத்தேன். சுற்றித் துடைக்கவே கூடாது. பதினாறு சதவீதம். பற்பசையை விரல்நுனியில் தொட்டுத் தேய்த்துக் கழுவினேன். பத்தொன்பது. கடை முழுக்கப் புதினா வாசனை.

“மியூட்டு, அந்த ஒரு வருஷத்துக்கு ஏதாவது ஒரு நடனத்தை வச்சு ஒப்பேத்திடலாமே. ரெண்டாவது துண்டுலதான் நிறைய இருக்கே.”

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

“ஏன்?”

“வேணும்க்கா.”

அக்கா என்னையே பார்த்தாள். இந்த வாரத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தையாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கடை லீவு. தங்கை வாலுவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயது, அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு, வாய் மட்டும் கல்லூரி.

“அய்யோ! நீ மேடையில ஏறினியா? நீயா? எங்க அக்காவா?”

“கத்தாதடி.”

“ரெண்டாவது வசனத்தைச் சொல்லிக் காட்டு.”

“மாட்டேன்.”

“சுவத்தைப் பார்த்துச் சொல்லு. நான் கண்ணை மூடிக்கறேன்.”

சுவரைப் பார்த்துச் சொன்னேன். கொசு முனகுகிற மாதிரி வந்தது. சமையலறையிலிருந்து அம்மா, “என்னடி, யாரு குடை கேக்கறா?” என்றாள். அவளுக்கு எப்படிக் கேட்டது!

பிப்ரவரி 17, செவ்வாய்

கால் தரையில் பாவவில்லை. எழுத்து கோணிப்போகிறது. இருந்தாலும் முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

கடையின் பின்னறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. பெயர் இரும்புப்பெட்டி. ரசீது அச்சடிக்க மட்டும் வைத்திருக்கிறோம். அதன் டிரைவ் திறப்பதற்கே ஓர் ஊக்கால் குத்த வேண்டும். புது டிரைவுக்கு அவசரம் அதிகம், இதற்கு அவசரமே கிடையாது, படிக்க முடியாத இடத்தில் நின்று நின்று படிக்கும், போட்டுப் பார்க்கலாம் என்று அக்கா சொன்னாள். மென்பொருளை அதில் ஏற்றினாள். வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்து, படிக்க முடியாத இடத்தில் பத்துத் தடவை முயற்சி செய், அதன் பிறகு தாண்டிப் போ என்று அமைப்பில் குறித்தோம்.

காலை ஒன்பதே காலுக்குத் தொடங்கினேன். பத்தொன்பது தாண்டியது. இருபத்து மூன்றில் ஒரு மணி நேரம் நின்றது. டிரைவ் கிர்ர் என்று மூச்சு வாங்கும், அடங்கும், மறுபடி வாங்கும். பக்கத்தில் உட்கார்ந்து “வா, வா” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, அக்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்து நாலு! அதற்குப் பிறகு வழுக்கிக்கொண்டு ஓடியது. மதியம் இரண்டரைக்கு நூறு. நடுவில் நாலே இடத்தில்தான் தாண்டியிருந்தது.

இந்தத் தடவை தப்பு செய்யவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் வரிசையாகப் போட்டு ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட விட்டேன். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

“நான் மேகம். நான் வந்தால் மழை வரும்.”

சிரிப்பு. கேமரா சட்டென்று பின்வாங்குகிறது. மேடை முழுவதும் தெரிகிறது. என் முகம் சின்னதாகிறது. எனக்குப் பின்னால் நீலத் திரை ஓர் ஆணியில் மாட்டி, ஒரு பக்கம் விலகிவிட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஓர் ஏணி. ஏணி உச்சியில் மழை சார். மடியில் கூடை, கூடை நிறைய வெள்ளிக் காகிதத் துண்டு, அதுதான் மழை. கையில் உரித்த வாழைப்பழம். பாதி கையில், பாதி வாயில். இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது. கூரையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக மென்றுகொண்டிருக்கிறார்!

அரங்கம் சிரிக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சாரும் ஆவலாகத் தேடுகிறார். இடது பக்கம் பார்க்கிறார். வலது பக்கம் பார்க்கிறார். பின்னால்கூடத் திரும்பிப் பார்க்கிறார்! அப்புறம் கீழே பார்க்கிறார். முழுப் பழத்தையும் ஒரே விழுங்காக விழுங்குகிறார். கூடை நழுவுகிறது. மொத்த மழையும் ஒரே மூட்டையாகச் சூரியன் தலையில் கொட்டுகிறது. சூரியன் தும்முகிறது.

மேடையின் ஓரத்தில் ஒரு பஞ்சு மூட்டை ஓடுகிறது. அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒருவர்கூட!

நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தேன், பொத்தாமலும் சிரித்தேன். அக்கா ஓடி வந்தாள். “என்ன ஆச்சுடி?” சொல்ல முடியவில்லை. திரையைக் காட்டினேன். அவள் பார்த்தாள். இரண்டு பேரும் இரும்புப்பெட்டி மேலேயே சாய்ந்து சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகையும் வந்தது. மேகம் யார் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

ஒன்பது வருஷம்! ஒரு வாழைப்பழத்துக்காகவா வாயை மூடிட்டு இருந்தேன்? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்?

மழை சார். ஏன் மழை என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

பிப்ரவரி 18, புதன்

நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 20, வெள்ளி

மழை சார் படத்தின் முதல் வடிவத்தைப் பார்க்க வந்தார். அக்கா வெளியே போயிருந்தாள். அலமாரிக்குப் பின்னால் போக நினைத்தேன். போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை, கால் போகவில்லை.

காட்சிகளின் பட்டியலை அவரிடம் நீட்டினேன். விரலால் ஒவ்வொரு வருடமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அந்த வருடத்தில் விரல் நின்றது.

“இது ஓடாதேம்மா?”

“ஓடுது சார்.”

“எப்படி ஓடும்? நான்தான் அதை—”

நிறுத்திவிட்டார். அவருக்கும் துண்டு அங்கே முடிந்துவிட்டது.

“நீங்கதான் அதை?” என்றேன். நானேதான் கேட்டேன்!

சார் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்துத் திருகினார். திருடி மாட்டிக்கொண்ட சின்னப் பையன் மாதிரி இருந்தது முகம்.

“இந்த விசில் வளையத்தால ஒரு கோடு போட்டேன். சந்தேகமா இருந்துது, குறுக்கே இன்னொண்ணும் போட்டேன்.” பெருமூச்சு விட்டார். “உனக்குத் தெரியாதும்மா. மைதானத்துல நான் கால் வச்சாலே ‘மழை வருது, மழை வருது’ன்னு கிசுகிசுப்பானுங்க, எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. ஒன்பது வருஷமா! இப்ப இதை ஐம்பதாம் ஆண்டு விழாவுல, அத்தனை பேர் முன்னாடி, பெரிய திரையில போடணுமா? தயவுசெஞ்சு எடுத்துடு.”

அப்போதுதான் புரிந்தது. சார் என்னைக் காப்பாற்ற அதை விடச் சொல்லவில்லை. என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. நான் எனக்காகப் பயந்தேன், அவர் அவருக்காகப் பயந்தார். ஒரே டிவிடிக்கு இரண்டு பேர் நடுங்கியிருக்கிறோம்.

“சார்... நான்தான் மேகம்.”

“என்னது?”

“அந்த நாடகத்துல. பஞ்சு ஒட்டிக்கிட்டு. நான்தான்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“ஓடிப்போன மேகமா நீ!”

“என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்கன்னு ஓடிட்டேன் சார்.”

“உன்னைப் பார்த்தா? உன்னைப் பார்த்து யாரும்மா சிரிப்பா? அவ்வளவு நல்லா சொன்னே! நான் ஏணி மேல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ வசனம் மறந்து ஓடிட்டேன்னு இல்ல நினைச்சேன்!” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். அது உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியலையேம்மா.”

காட்சியை ஓட விட்டேன். முதல் தடவை முகத்தைக் கையால் மூடி, விரலிடுக்கில் பார்த்தார். இரண்டாவது தடவை கையை எடுத்தார். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கிற இடம் வந்ததும் “ஹே!” என்று ஒரு சத்தம். மூன்றாவது தடவை அவரே “மறுபடி போடு” என்றார்.

“அன்னிக்கு மத்தியானம் சாப்பிடவே விடலைம்மா. நேரமாச்சு, ஏறுங்க ஏறுங்கன்னு ஏணியில ஏத்திட்டாங்க. அந்தப் பழம் சரியாப் பழுக்கக்கூட இல்லை, தெரியுமா?”

“எடுத்துடட்டுமா சார்?”

யோசித்தார். விசிலை வாயில் வைத்து ஊதாமல் எடுத்தார்.

“உனக்கு?”

“எனக்கு இருக்கட்டும்னு தோணுது.”

“அப்ப இருக்கட்டும். மேகமே சம்மதிச்சப்புறம் மழை என்ன பண்றது!”

போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை சிரித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 27, வெள்ளி

இடி. அக்காவுக்கு மார்ச் 7 அன்று அவள் நாத்தனார் மகளின் கல்யாணப் படப்பிடிப்பு. “நீதான் போய்ப் படத்தை ஓட்டணும். மடிக்கணினி, ஒரு ஒயர், ஒரு பட்டன். பேச வேண்டியதே இல்லை.”

அந்த அரங்கத்துக்கு. நான்.

உண்மை தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கால் அலமாரிக்குப் பின்னால் போகிறது? காலுக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

படம் தயார். மூன்று பென்டிரைவில் நகல் எடுத்தாயிற்று. வாலு என் நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். அவள் இவ்வளவு நல்லவளாக இருப்பதே சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

எங்கிருந்து தொடங்குவது!

அரங்கம் சின்னதாகிவிட்டது. நான் வளர்ந்துவிட்டேன் போல. அதே நாற்காலிகள், அதே கிறீச். என் மேசை கடைசி வரிசைக்கும் பின்னால். ஒயர் மாட்டினேன், ஒலி சரிபார்த்தேன். எல்லாம் விரல் வேலை. வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் நடு வரிசையில் இருந்தார்கள். அப்பா எனக்காக ஒரு நடையை வேறு ஓட்டுநருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு பஸ் சீருடையிலேயே வந்திருந்தார்.

விளக்குகள் அணைந்தன. பட்டனை அழுத்தினேன். வருடங்கள் ஓடின. யாராவது தன்னைப் பார்த்ததும் ஒரு மூலையில் “ஏய்!” என்று கத்துவார்கள். பதின்மூன்றாவது காட்சி வரப்போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நான் மேகம். நான் வந்தால் மழை வரும்.”

அதே சிரிப்பு வந்தது. அதே அரங்கம், அதே நாற்காலி, அதே கிறீச். ஆனால் இந்தத் தடவை நான் பின்னால் இருந்தேன். எல்லார் முதுகும் தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து சிரித்தார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். ஒரு குழந்தை எதற்கென்று தெரியாமலே சிரித்தது. எவ்வளவு நல்ல சிரிப்பு அது! ஒன்பது வருஷமா இதுக்கா பயந்தேன்?

அப்போது பக்கவாட்டுக் கதவருகே மழை சார் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். மெதுவாக உரித்தார். சபைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஒரு கடி கடித்தார். “மழை! மழை!” என்று பழைய மாணவர்கள் எல்லாரும் கத்தினார்கள். இந்தத் தடவை அவர் காதில் விழும்படியே கத்தினார்கள். சார் கையசைத்தார்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. தலைமையாசிரியை ஒலிபெருக்கியில், “மழை சாரைப் பார்த்துவிட்டோம். அந்த மேகம் இப்போது எங்கே இருக்கிறதோ!” என்றார். சும்மா சொன்னதுதான். பதிலை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

“இங்கதான் இருக்கு மேடம்! பின்னாடி! கம்ப்யூட்டர்கிட்ட! எங்க அக்கா!”

வாலு. நாற்காலி மேல் ஏறி நின்று கை நீட்டுகிறாள். சட்டை தேய்த்துக் கொடுத்தது இதற்குத்தான்.

எல்லாத் தலையும் திரும்பியது. முதுகுகள் எல்லாம் முகங்களாகிவிட்டன. மேசைக்கு அடியில் ஒயர் எதுவும் தொலையவில்லையா என்று ஒரு நொடி பார்த்தேன். எல்லாம் மாட்டிய இடத்தில் இருந்தது.

எழுந்து நின்றேன். எழுந்தாயிற்று, அப்புறம் ஏதாவது செய்தாக வேண்டுமே! வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஒன்பது வருடமாக அது மட்டும்தான் இருந்தது.

“குடை கொண்டு வந்தீர்களா?”

குரல் கரகரவென்று, யாரோ வேற்றாள் மாதிரி வந்தது. நடுவில் ஒரு இடத்தில் உடைந்தும்விட்டது. ஆனால் கடைசி வரிசையிலிருந்து மேடை வரை போனது. அரங்கம் வெடித்தது. “இல்லை!” என்று யாரோ கத்தினார்கள். “இல்லை! இல்லை!” என்று எல்லாரும் கத்தினார்கள். மழை சார் வாழைப்பழத்தோல் பிடித்த கையாலேயே விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

இந்தத் தடவை என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சந்தேகமே இல்லை. ஓடவில்லை. ஓடத் தோன்றவும் இல்லை. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வாலுவை அடிக்கத் துரத்தினேன். பிடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டேன். “ச்சீ, விடுக்கா” என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு!

மார்ச் 10, செவ்வாய்

இருபத்திரண்டு டிவிடியும் எண்ணிப் பெட்டியில் வைத்தாயிற்று. பெருக்கல் குறி போட்டதை மட்டும் புது உறையில் வைத்தேன். இரும்புப்பெட்டியை அக்கா பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றிவிட்டாள். பதவி உயர்வாம்.

அக்கா மதியம் முழுக்க வெளியே இருந்தாள். போன் நாலு தடவை அடித்தது. நாலையும் எடுத்தேன். ஒன்று அந்தப் பெரிய மனிதரின் மனைவி. அந்த நன்றியுரையை இன்னும் ஐந்து பேருக்கு அனுப்ப வேண்டுமாம். இரண்டு பேர் கல்யாண டிவிடி பற்றிக் கேட்டார்கள். துண்டு துண்டாக இருக்கும், எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுத்தான் வெட்டுவோம் என்று விளக்கமாகச் சொன்னேன்.

நாலாவது ராங் நம்பர். அவரிடமும் கொஞ்ச நேரம் பேசினேன்.